ஊருக்கு ஒரு பூச்சேட்

அந்த வீடியோவைப் பூவரசங்குளத்தில் பார்க்காதவர்கள் இல்லை. நெடுங்கேணிப் பக்கம் ஒரு கரப்பந்துப் போட்டி முடிந்த கையோடு எவனோ போனில் எடுத்தது. ஒருவன் இன்னொருவனின் முகத்தில் ஹெல்மெட்டால் ஓங்கி அடிக்கிறான். முதல் அடியில் அவன் முழங்காலில் விழுகிறான். அடுத்த அடியில் தாடை ஒரு பக்கமாகப் போய்விடுகிறது. வாயிலிருந்து இரத்தமும் பல்லும் சேர்ந்து வருகின்றன. மூன்றாவது அடிக்குக் கை உயரும்போது படம் ஆடி, மண்ணையும் செருப்புகளையும் காட்டி நின்றுவிடுகிறது. அடித்தவனின் முகம் எங்குமே தெளிவாக இல்லை. தெளிவாகத் தெரிந்தது அவன் போட்டிருந்த சேட் மட்டும்தான். கறுப்புத் துணியில் சோற்றுப் பீங்கான் அளவு சிவப்புப் பூக்கள்.

அடித்தவன் தங்கள் ஊர்த் தர்சன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அடித்தான் என்பதும் தெரியும். தோற்ற ஆத்திரத்தில் மற்றவன், "தோட்டக்காட்டானுக்கு ஏன்டா பந்து? கொழுந்துக் கூடையைக் குடுங்கோடா" என்று கத்தியிருக்கிறான். மலையகத்திலிருந்து வந்து இந்த மண்ணில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் தர்சன் செய்தது பிழை என்று வாயால் சொன்னவர்களும் வீடியோவை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார்கள்.

ராஜினியும் பார்த்தாள். அவளுடைய தம்பி ஜனார்த்தனன் தையல் மெசினுக்கு மேலே போனை நீட்டிக் காட்டினான்.

"பாத்தியா அக்கா, தாடை போன போக்கை?"

"கொஞ்சம் பின்னால விடு. அதில. அதில நிப்பாட்டு."

அக்கா இரத்தத்தைப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்தான். அவள் பார்த்தது பட்டன் பட்டியை. பட்டிக்கு இடப்பக்கம் அரைப் பூ. வலப்பக்கம் ஏதோ ஓர் இலையின் வால். நெஞ்சில் இருந்த பூவுக்கு மேலேயே பொக்கற்றை வைத்து, புண்ணுக்குப் பிளாஸ்டர் ஒட்டியதுபோல் தைத்திருந்தார்கள். கீழே கட்டம் போட்ட சாரம். கழுத்தில் சங்கிலி வேறு.

"கொலை செய்திருக்கிறாங்கள்," என்றாள்.

"சாகேல்லையாம். ஆஸ்பத்திரியில கிடக்கிறானாம்."

"நான் துணியைச் சொல்லுறன்."

ஜனார்த்தனன் சிரித்துவிட்டான். "உனக்கு விசர் அக்கா. அங்க ஒருத்தன்ர வாய் கிழிஞ்சு தொங்குது, நீ பொக்கற்றைப் பாக்கிறாய்."

அவளுக்கு விசர் என்று சொல்ல முடியாது. மலையகத்திலிருந்து வந்த தாயும் தகப்பனும் போனபிறகு அந்த மெசினால்தான் தம்பியை வளர்த்தாள். வருடம் முழுக்கப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் நீலக் களிசானும் தைத்து அலுத்த கைகளுக்கு, நல்ல துணி ஒன்று ஊருக்குள் வந்து பாழாய்ப் போவதைப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான். அல்லது அதற்கும் மேலே ஏதாவது இருந்ததா என்பதைப் பிறகு அவளாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தத் துணியைக் கொண்டுவந்தவர் நவ்பர். ஊருக்கு அவர் நவ்பர் நானா, அதாவது அண்ணன். சாளம்பைக்குளத்துக்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு செட்டிகுளம்வரை ஊர் ஊராகப் போவார். வந்தவரிடம் ராஜினி கேட்ட முதல் கேள்வியே அந்தப் பூத்துணி இன்னும் இருக்கிறதா என்பதுதான்.

"இருக்கு. ஆனா உங்களுக்கு இல்லை தங்கச்சி. பெரிய பூ எண்டா நான் ஒரு ஊருக்கு ஒரு சேட்டுக்குத்தான் வெட்டுவன். பூவரசங்குளத்துக்கு வெட்டியாச்சு."

"ஒருத்தருக்கு வித்தா என்ன, ரெண்டு பேருக்கு வித்தா என்ன நானா?"

"சின்னப் பூவெண்டா நூறு பேருக்குக் குடுக்கலாம். பெரிய பூ போட்டவனை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை. பூச்சேட் வாறான், பூச்சேட் போறான் எண்டுதான் சொல்லுவினம். ரெண்டு பேர் போட்டாங்கள் எண்டா ஒருத்தன் பட்ட கடனை மற்றவனிட்டக் கேப்பாங்கள். எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் வித்தவர்."

"தர்சன் போட்டிருக்கிறது சேட்டே இல்லை நானா. உங்கட துணிக்கு அவமானம். வீடியோவைப் பாத்தனீங்கதானே? நெஞ்சில பூ ரெண்டாப் பிளந்து கிடக்குது."

நவ்பரின் முகம் கோணியது. அவரும் கவனித்திருக்கிறார் போலிருந்தது.

"வவுனியா ரவுணில குடுத்துத் தைச்சவனாம். நான் அப்பவே சொன்னன், ராஜினிட்டக் குடு எண்டு."

"ஒருக்காத் தாங்கோ. இந்தத் துணி எப்பிடி இருக்கவேணும் எண்டு ஊர் பாக்கட்டும்."

அவர் மூட்டையை அவிழ்த்தார். அவிழ்க்கும்போதே, தான் செய்வது சரியில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் பூவோடு பூவைப் பொருத்துவதற்கு வேண்டும் என்று, கேட்காமலே அரை மீற்றர் கூட வெட்டினார்.

துணி மெல்லிய பருத்தி. சித்திரை வெயிலுக்கென்றே நெய்ததுபோல் உள்ளே காற்று ஓடியது. ராஜினி அதை நிலத்தில் விரித்துவிட்டு உடனே வெட்டவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தாள். முதுகின் நடுவில் ஒரு முழுப்பூ. முன்னால் ஒன்றே ஒன்று, பட்டன் பட்டிக்குக் குறுக்கே. பட்டன்களைப் பூட்டினால் இரண்டு பாதியும் சேர்ந்து முழுப்பூவாக வேண்டும். பொக்கற் எங்கே என்று தேடினால்தான் தெரியவேண்டும். கொலருக்குப் பூ வேண்டாம், வெறும் கறுப்பு. பட்டனும் கறுப்பு, சின்னது. இரண்டு தரம் பிரித்து, மூன்றாம் தரம் தைத்தபோதுதான் பூவின் நரம்பு நரம்போடு போய் ஒட்டியது.

பிறகு தம்பிக்குப் பாடம் எடுத்தாள்.

"கீழ வெள்ளை லோங்ஸ். வேற ஒண்டும் வேண்டாம். கையில நூல் இல்லை, கழுத்தில சங்கிலி இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. கையை மடிச்சு விடாத. பூ தன்ர பாட்டில கத்தும். அதோட சேந்து நீயும் கத்தக் கூடாது."

"மூச்சு விடலாமோ?"

"மெதுவா விடு."

புதுவருடக் கரப்பந்துப் போட்டிக்கு அதைப் போட்டுக்கொண்டு ஜனார்த்தனன் மைதானத்தில் இறங்கியபோது, பொம்பிளைகள் பக்கம் கதை ஒரு கணம் நின்றது. முழங்கால் வலியால் அந்த வருடம் அவன் விளையாடவில்லை. புள்ளி எழுதும் மேசையில் இருந்தான். எல்லாப் பக்கமும் வெளுத்துக்கிடந்த வெயிலில் அந்த ஒரு பூ மட்டும் நெஞ்சில் நிமிர்ந்து நின்றது. கண்ணை உறுத்தவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது. சர்பத் வாளிக்குப் பக்கத்தில் நின்ற ராஜினி, ஒருவரையும் பார்க்காததுபோல் தேசிக்காய் பிழிந்தாள்.

தர்சன் வந்தான். அவன் போட்டிருந்தது கழகத்தின் நீல ஜேர்சி, ஏழாம் நம்பர். மேசைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தான்.

"அட, என்ர சேட்!"

"உன்ரை வெறும் துணி. இதுதான் சேட்," என்றான் ஜனார்த்தனன்.

"திரும்படா. முதுகைக் காட்டு." தர்சன் அவனைச் சுற்றி வந்தான். பொய்க்கோபம் போய், உண்மையான ஏக்கம் முகத்தில் வந்தது. "அக்கா! என்ரையும் பிரிச்சுத் தைச்சுத் தாறீங்களோ?"

"முதல்ல அந்தச் சங்கிலியைக் கழட்டு," என்றாள் ராஜினி.

"சங்கிலி அம்மா போட்டது அக்கா. கழட்டினா அவா என்ர தோலைக் கழட்டுவா."

எல்லோரும் சிரித்தார்கள். விசில் ஊதியது. அவன் ஓடிப்போய் வலைக்குக் கீழே நின்றான்.

மோட்டார் சைக்கிள்கள் இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் வந்தன. மூன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். வெயிலில் யாரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்ததை ராஜினி கவனித்தாள். வெளியூர் அணியின் ஆட்களாக்கும் என்று நினைத்தாள். முன்னால் இருந்தவன் போனை எடுத்துப் பின்னால் இருந்தவனுக்குக் காட்டினான். பின்னால் இருந்தவன் தலையை உயர்த்தி மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். விளையாடுகிறவர்களில் அவன் பார்வை நிற்கவில்லை. புள்ளி மேசையில் வந்து நின்றது. மறுபடி போனைப் பார்த்தான். மறுபடி மேசையைப் பார்த்தான்.

தேசிக்காய் அவள் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. அவர்கள் ஒரு முகத்தைத் தேடவில்லை.

அவள் ஓடினாள். விளையாட்டுக்கு நடுவே, கோட்டைத் தாண்டி, நடுவர் கத்தக் கத்த ஓடினாள்.

"ஜனா, சேட்டைக் கழட்டு! கழட்டடா!"

"என்ன?"

"கழட்டி எறி!"

கூட்டம் சிரித்தது. "அக்காவுக்கு வெயில் ஏறிட்டுது," என்று எவனோ கத்தினான். ஜனார்த்தனன் வெட்கத்தோடு மேல்பட்டனில் கை வைத்தான். ஒரு பட்டன்தான் திறந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவன் ஜக்கற்றுக்குள்ளிருந்து வாளை உருவினான்.

முதல் வெட்டு கழுத்துக்கு வந்தது. ஜனார்த்தனன் எப்படியோ கையைக் கொடுத்தான். முழங்கைக்குக் கீழே சதை வாழைத்தண்டுபோல் பிளந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. மேசை கவிழ்ந்தது. இரண்டாவது வெட்டை அவன் மற்றக் கையால் பிடிக்கப் பார்த்தான். சின்னவிரலும் பக்கத்து விரலும் தெறித்துப் புழுதியில் விழுந்தன. அப்போதுதான் கூட்டத்துக்கு விளங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கதிரைகளில் தடக்கி விழுந்து, ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். தடுக்க முன்வந்த ஒருவனின் தலையில் இரும்புக் குழாய் விழுந்தது. அவன் அப்படியே குந்தினான். அதற்குப் பிறகு யாரும் முன்வரவில்லை.

ராஜினி வாளோடு நின்றவனின் முதுகில் பாய்ந்தாள். ஹெல்மெட்டுக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்துத் தோல் கிடைத்தது. கடித்தாள். தோல் வாயோடு வந்தது. அவன் அலறிக்கொண்டு அவளை உதறிவிட்டு, வாளின் பிடியால் அவள் வாயில் குத்தினான். உதடு பல்லில் கிழிந்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். மூச்சு வரவில்லை. ஆனால் கண்கள் திறந்திருந்தன. எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஜனார்த்தனன் முழங்காலில் இருந்தான். வாள் அவன் தொண்டையில் இருந்தது. ஒருவன் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான்.

"நீதானேடா தர்சன்?"

ஜனார்த்தனன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வாயைத் திற. என்ர தம்பியின்ர தாடையை உடைச்சது நீதானே? பேரைச் சொல்லு!"

ஜனார்த்தனனின் கண்கள் அவர்களைத் தாண்டிப் போயின. வலைக்குக் கீழே தர்சன் நின்றான். ஓடவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால்கள் மண்ணுக்குள் போனவன்போல் நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஜனார்த்தனன் கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டான். அவன் முடிவெடுத்துவிட்டான் என்பது ராஜினிக்குத் தெரிந்தது. சின்ன வயதில் யார் கண்ணாடியை உடைத்தது என்று எவ்வளவு அடித்துக் கேட்டாலும் இப்படித்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சொல்லமாட்டியோ? சரி."

வாள் மேலே போனது.

"அவன் இல்லை!" என்று ராஜினி கத்தினாள். வாய்க்குள் இருந்த இரத்தம் சொல்லோடு தெறித்தது. "அவன் என்ர தம்பி! அவன் தர்சன் இல்லை!"

"அப்ப எவன்?"

அவளுக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். உண்மையில் இருந்தது. வாள் மேலே நின்றுகொண்டிருந்தது. அது நின்ற அவ்வளவு நேரமும் அவளிடம் இருந்தது.

"ஏழு," என்றாள். "நீல ஜேர்சி. ஏழாம் நம்பர்."

ஆறு ஹெல்மெட்டும் ஒன்றாகத் திரும்பின.

தர்சன் அப்போதுதான் பந்தைப் போட்டுவிட்டு ஓடினான். வயல் பக்கம் போவதற்கு வலையைக் கடக்கவேண்டும். குனிந்து புகுந்தவனின் சங்கிலி வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். வலை கம்பத்தோடு சரிந்து அவன் மேல் விழுந்தது. வலைக்குள் கிடந்தவனை அவர்கள் வலையோடு சேர்த்தே வெட்டினார்கள். முதலில் காலில். எழும்பப் பார்த்தபோது தோளில். பிறகு மறுபடி காலில், அதே இடத்தில், விழுந்த மரத்தைத் துண்டு போடுகிறவர்கள் மாதிரி முறை வைத்து.

"அம்மா!" என்று அவன் கத்தினான். பிறகு, "ஜனா! ஜனா!" என்று கத்தினான்.

ஜனார்த்தனன் எழும்பினான். ஒரு கை தொங்க, மற்றக் கையில் விரல் இல்லாமல், அவன் உண்மையாகவே எழும்பி இரண்டு அடி வைத்தான். ராஜினி பின்னாலிருந்து அவனை இழுத்து விழுத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றினாள்.

"விடக்கா."

"விடமாட்டன்."

"அவன் என்னைக் கூப்பிடுறான்."

"கூப்பிடட்டும்."

சேட்டின் கைத்தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள். எந்த இடத்தில் நூல் முதலில் விடும் என்று அவளுக்குத் தெரியும். கை கழன்று வந்தது. அதைத் தம்பியின் முழங்கைக்கு மேலே சுற்றி, ஒரு தடியைக் கொடுத்து, இரத்தம் நிற்கும்வரை முறுக்கினாள். அவன் வலியில் துடித்தான். அவள் முறுக்கினாள். முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதைப் பொத்துவதற்குத்தான் கை இருக்கவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் போனபிறகு மைதானத்தில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒரே வான் வண்டியில்தான் இரண்டு பேரையும் ஏற்றினார்கள்.

வவுனியா ஆஸ்பத்திரியில் தர்சனுக்கு முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள். ஜனார்த்தனனின் கையில் தகடு வைத்தார்கள். விரல்கள் இரண்டும் போனது போனதுதான். உயிருக்கு ஆபத்தில்லை என்று டொக்டர் சொன்னபோது ராஜினி சுவரில் சாய்ந்து அழுதாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். அது கிடைத்துவிட்டது.

ஆனால் ஜனார்த்தனன் அவளோடு கதைக்கவில்லை. தாதிமாரோடு கதைத்தான். பக்கத்துக் கட்டில்காரரோடு கதைத்தான். அவள் கொண்டுபோன சோற்றைத் திறந்து பார்க்காமல் மூடி வைத்தான். ஒருநாள் அவளால் தாங்க முடியவில்லை.

"உன்னை வெட்டியிருப்பாங்கள் தம்பி."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"அவங்கள் கேட்டது என்னட்ட அக்கா. உன்னட்ட இல்லை." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தர்சன் அண்டைக்கு அடிச்சது தனக்காக மட்டுமில்லை. அது உனக்கும் தெரியும்."

வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் மீனம்மா நின்றாள். தர்சனின் தாய். புல்மூட்டையும் தோட்டக்கூடையும் சுமந்து திரண்ட தோள்கள். மகனுக்குக் கால் போன நாளிலிருந்து அவள் ராஜினியின் கண்ணில் படவில்லை. அல்லது ராஜினிதான் வேறு வாசலால் போய்வந்தாளோ, தெரியாது.

"நில்லுடி."

ராஜினி நின்றாள்.

"பாக்கிற எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. நீயே சொல்லு. எம் மகன யாரு காட்டிக் குடுத்தது?"

"நான்தான், மாமி."

மீனம்மா இதை எதிர்பார்த்திருந்தாள். இவ்வளவு சுருக்காக எதிர்பார்க்கவில்லை. அவளுடைய வாய் கோணிக்கொண்டு போனது.

"உங்கட மகன் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், மாமி," என்றாள் ராஜினி. சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தாள், வந்துவிட்டது. "பாத்துக்கொண்டு நிண்டவர். நான்தான் தர்சன் எண்டு ஒரு சொல்லு."

"அவன் பயந்தான்டி! பயந்தான்! உன் தம்பிக்கும் பயம்தானே? கழுத்துல கத்தி இருந்துச்சே, அவன் சொன்னானா? சொன்னானாடி?"

மீனம்மா செருப்பைக் கழற்றினாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. தையல் போட்ட உதடு பிரிந்தது. அடுத்த அடி காதில். ராஜினி கையைத் தூக்கவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்து, குனிய வைத்து, முதுகில், தலையில், கழுத்தில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் மீனம்மா அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவளே அழுதாள். மருந்துச் சீட்டோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். காவலாளி, "அம்மா, அம்மா, விடுங்கோ" என்றான். கிட்ட வரவில்லை.

குனிந்த தலைக்குக் கீழாக, மக்களின் கால்களுக்கு நடுவில், ராஜினி தம்பியைக் கண்டாள். கைக்குக் கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரிச் சாரத்தோடு விறாந்தைத் தூணருகே நின்றான். ஓடி வந்தவனைப்போல் அவனுக்கு மூச்சு வாங்கியது. இன்னும் நாலு எட்டு வைத்தால் மீனம்மாவின் கையைப் பிடித்திருக்கலாம். அவன் வைக்கவில்லை. ஓர் அடியையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

மீனம்மாவுக்குக் கை ஓய்ந்தது. செருப்பு தானாகவே நழுவி விழுந்தது. அதன் பிறகுதான் ஜனார்த்தனன் வந்தான். குனிந்து, விரல் குறைந்த கையால் செருப்பை எடுத்து, மீனம்மாவின் காலுக்குப் பக்கத்தில் நேராக வைத்தான்.

"போடுங்கோ மாமி. நிலம் சுடுது," என்றான். "வாங்கோ, அவன் முழிச்சிருப்பான்."

அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே போனான். ராஜினி வாசலில் குந்தி, வாயில் ஊறிய இரத்தத்தை மண்ணில் துப்பினாள். பிறகு, சோற்றுப் பாத்திரம் மேலே தம்பியின் கட்டிலடியிலேயே கிடப்பது நினைவு வந்தது. அதை எடுக்க உள்ளே போவதா விடுவதா என்று தெரியாமல் அங்கேயே இருந்தாள்.